மாரியில் அன்னாசி வைப்பவர்கள் செய்யும் பிழைகள்

ஐப்பசி பிறந்தால் போதும், வளவில் அன்னாசி வைக்க ஒரு புதுக் கூட்டம் கிளம்பிவிடும். பழத்தின் மேலுள்ள இலைக் கொண்டையைச் சதையோடு புதைக்காதீர்கள், சில நாள் நிழலில் வாட விடுங்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விடுவோம்.

ஆழக் கிடங்கு வெட்டுவது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். தென்னங்கன்றுக்கு வெட்டுவது போல முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, அடியில் எருவைக் கொட்டி, கன்றை உள்ளே இறக்கிவிட்டு, மழை வருகிறது, தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று சந்தோஷம் வேறு. அன்னாசி வேர் ஆழம் போகாது, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும். மணல்தானே வடிந்துவிடும் என்பவர்கள் மார்கழியில் கிணற்றை எட்டிப் பார்க்கட்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நம் மட்டக்களப்பு ஊர்களில் அப்போது நிலத்தடி நீர் மேலே வந்து கிடங்கு குட்டையாகிவிடும். அந்த ஈரத்தில்தான் பைட்டோப்தோரா என்ற கிருமி குருத்தை அழுக வைக்கும். மழை அடித்து மண் குருத்துக்குள் தெறித்தால் இன்னும் சுலபம்.

ஆரையம்பதியில் என் மச்சான் ஒரு வரிசை வைத்திருந்தான். தையில் போனபோது வெளி இலையெல்லாம் பச்சை, குருத்து மட்டும் மஞ்சள். "பசளை காணாது போல மச்சான், யூரியா போடுவமா?" என்றான். நடு இலையைப் பிடித்து லேசாக இழுத்தேன், அடி அழுகி நாற்றத்தோடு கையில் வந்துவிட்டது. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அழுகின குருத்துக்கு யூரியா போட்டு என்ன செய்ய? கன்றுக் காசு போனால் போகட்டும், ஒரு வருஷத்துக்கு மேல் பின்னுக்குப் போய்விட்டதே.

ஒரு அடி உயரத்துக்கு மண்ணை ஏற்றி, தும்புத்தூளும் மக்கின எருவும் கலந்து, கன்றின் அடி மட்டும் மூடும்படி வையுங்கள். இடம் இல்லையா, அடியில் நிறைய ஓட்டை போட்ட உரப்பை போதும். அடைமழை ஓயும்வரை பொறுத்து மாசியில் வைத்தாலும் கெட்டுப்போகாது, ஆனால் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் தண்ணீரும் மூடாக்கும் வேண்டும்.

மாமரத்தடியில் வைப்பது

நிழலில் இலைதான் நீளும், பழம் தேறாது.

எறும்பைக் கவனிக்காதது

எறும்பு சும்மா ஏறாது. இலை இடுக்கில் மாப்போல ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சியை அதுதான் காவல் காத்துப் பரப்பும். பிறகு இலை சிவந்து நுனி காயும், செடி வாடும்.

பூக்கவில்லை என்று மருந்து விடுவது

பூக்கும், சரி. சின்னச் செடியில் விட்டால் பழமும் சின்னதுதான். செடியடியில் வரும் பக்கக்கன்றை நட்டால் பழத்துக்கு ஒன்றரை வருஷம் பொறுங்கள், கொண்டை என்றால் இரண்டு வருஷமும் ஆகும்.

பழம் வெட்டியதும் பிடுங்கி எறிவது

தாய்ச்செடி மறுபடி காய்க்காது என்பது உண்மை. ஆனால் அடியில் வரும் பக்கக்கன்றுதான் அடுத்த பழம், அதுவும் கொண்டையைவிடச் சீக்கிரம். ஒன்றை அங்கேயே விட்டு, மிச்சத்தைப் பிரித்து நடுங்கள், அல்லது கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.