2020ஆ, 2021ஆ? அடுத்தடுத்த வருஷத்துப் பிக்கப் இரண்டை ஒப்பிடும் முறை

கனடாவின் ஸ்காபுறோவில் இருக்கும் அண்ணா ஒரு நாள் இரவு வட்சப்பில் இரண்டு படம் அனுப்பினார். இரண்டும் ஃபோர்ட் எஃப்-150 பிக்கப். ஒன்று 2020, மற்றது 2021. "ஒரு வருஷந்தானே தம்பி வித்தியாசம், விலை ஏன் இப்பிடி எகிறுது? எதை எடுக்கிறது?" என்று கீழே எழுதியிருந்தார். அண்ணா அங்கே வீடுகளுக்கு ரைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிறார். வாகனம்தான் அவருக்குச் சோறு போடுகிறது.

எனக்கு யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் கராச். பத்தொன்பது வருஷமாக டபுள் கப்களுக்கு, அதாவது இரண்டு வரிசை இருக்கைப் பிக்கப்களுக்குக் கீழே படுத்து எழும்புகிறேன். எஃப்-150 ஒன்றையும் கையால் தொட்டதில்லை. அது கிட்டத்தட்ட 5.9 மீற்றர் நீளம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2 மீற்றருக்கு மேல் அகலம். 5.33 மீற்றர் ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பே எங்கள் ஒழுங்கையில் மதிலைத் தடவிக்கொண்டுதான் திரும்பும். ஆனாலும் இரண்டு வருஷத்தை ஒப்பிடும் முறை எந்த வாகனத்துக்கும் ஒன்றுதான். அண்ணாவுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த இரண்டு வருஷத்துக்கும் நடுவில் மொடல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கொம்பனிகள் ஒரு மொடலை ஐந்தாறு வருஷம் ஓட்டும். இடையில் முன் கிறில், லைற், திரை என்று சில்லறை மாற்றம் மட்டும் செய்யும். 2019க்கும் 2020க்கும் எஃப்-150இல் பெரிய வேறுபாடு கிடையாது. அங்கே விலையையும் ஓடிய தூரத்தையும் பார்த்தால் போதும். 2014க்கும் 2015க்கும் நடுவிலோ பொடியே, அதாவது வெளிக்கூடே, இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறியது. எடை 700 இறாத்தல் வரை, அதாவது 317 கிலோ, குறைந்தது. எங்கள் ஊரிலும் ஹைலக்ஸ் 2015இல் இப்படித்தான் மாறியது. 3.0 லீற்றர் 1கேடி எஞ்சின் போய் 2.8 லீற்றர் 1ஜீடி வந்தது. அந்த வருஷத்து ஹைலக்ஸ் என்றால் பொனற்றைத் திறந்து பார்க்காமல் நான் வாயே திறப்பதில்லை.

அண்ணா கேட்ட 2020, 2021 இரண்டுக்கும் நடுவிலும் மொடல் மாறியிருக்கிறது. ஆனால் 2015 அளவுக்கு இல்லை. அலுமினியப் பொடி தொடர்ந்தது, 10 கியர் ஓட்டோவும் தொடர்ந்தது. 5.0 வி8 எஞ்சின் 395 குதிரைவலுவிலிருந்து 400 ஆனது. அந்த ஐந்து குதிரையை மிதிக்கிற காலால் உணர முடியாது. 3.5 இக்கோபூஸ்ற், அதாவது ஃபோர்ட்டின் ரேபோ எஞ்சின், 375இலிருந்து 400க்கு ஏறியது, அது கொஞ்சம் தெரியும். புதிதாக வந்தவை பெற்றோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த 430 குதிரைவலு ஹைபிரிட், 12 அங்குலத் திரை, பின் பெட்டியில் மின்சாரம். கடைசியாகச் சொன்னதற்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் முழுக் கதையும் அதில்தான் இருந்தது.

அதற்கு முன் அண்ணா விட்ட பிழை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே மொடலையே வசதிக்கேற்பப் பல தரங்களாக விற்பார்கள். 2020 எக்ஸ்எல்ரி தரம், 5.0 எஞ்சின், துணி இருக்கை. 2021 அதற்கு மேலான லாரியற் தரம், ஹைபிரிட், தோல் இருக்கை, கூரை முழுக்கக் கண்ணாடி. வித்தியாசம் என்று அவர் நினைத்ததில் பெரும்பகுதி வருஷத்தால் வந்ததல்ல, தரத்தால் வந்தது. ஒரே தரம், ஒரே எஞ்சின், ஒரே அளவு ஆள் இருக்கும் கப், ஒரே பின் பெட்டி நீளம், பின் அச்சில் ஒரே டிபரன்ஷியல் பல் விகிதம். இவ்வளவையும் சமப்படுத்திவிட்டுத்தான் வருஷத்தை ஒப்பிட வேண்டும்.

பாரமும் அப்படித்தான். விளம்பரத்தில் போடும் ஆகக்கூடிய பாரத்தை நம்ப வேண்டாம். அது ஏதோ ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு மட்டும் பொருந்தும் எண். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். அது அந்த ஒரு வாகனத்துக்கே உரிய கணக்கு. இரண்டு ஸ்ரிக்கரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 2020இல் 806 கிலோ. 2021 லாரியற்றில் 642. பற்றரியும் கண்ணாடிக் கூரையும் சும்மா வருமா, பாரத்தைத் தின்றுவிட்டன. அண்ணாவும் உதவியாளும் 160 கிலோ, ரைல்ஸ் வெட்டும் மெஷினும் ஆயுதங்களும் 90 கிலோ. மிச்சத்தில் 25 கிலோ ரைல்ஸ் பெட்டி முன்னதில் 22 ஏற்றலாம், பின்னதில் 15தான். ஒரு குளியலறைக்கும் ஒரு விறாந்தைக்கும் இடையிலான வித்தியாசம் இது.

அப்புறம் அதே எக்ஸ்எல்ரி தரத்தில், அதே 5.0 எஞ்சினோடு ஒரு 2021ஐத் தேடிப் பிடித்தார். ஸ்ரிக்கரில் 797. ஒன்பது கிலோவை விட்டுத் தள்ளுங்கள். இப்போதுதான் உண்மையான ஒப்பீடு தொடங்கியது.

இனி உங்கள் தொழிலைத் தொடுகிற மாற்றம் எது என்று பாருங்கள். அண்ணாவின் வெட்டும் மெஷின் 120 வோல்ற்றில் 15 அம்பியர் இழுக்கும், அதாவது 1,800 வாற்ஸ். 2020இல் கிடைக்கும் பிளக் 400 வாற்ஸ். போன் சார்ஜ் பண்ணலாம், மெஷின் ஓடாது. 2021இல் பெற்றோல் எஞ்சினோடும் 2 கிலோவாற் எடுக்கலாம், ஹைபிரிட்டில் 7.2 வரை போகும். ஜெனரேற்றரைத் தூக்கித் திரியத் தேவையில்லை. அவருக்கு இந்த ஒன்றுக்காகவே 2021ஐ எடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பெற்றோல் வாகனத்தில் அது விரும்பினால் காசு கட்டிப் போடும் சாமான். பின் பெட்டியின் உட்பக்கத்தைப் படம் எடுங்கள் என்றேன். படம் வந்தது. பிளக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடி.

அந்தப் படத்தோடு 2021க்குக் கேட்ட கூடுதல் விலைக்கு நியாயம் இல்லாமல் போனது.

பழையதை எடுப்பதென்றாலும் சும்மா எடுக்கக் கூடாது. அங்கே மொடல் வருஷம் வேறு, செய்த மாதம் வேறு. 2021 மொடல் 2020 கடைசியிலேயே பட்டறையை விட்டு வந்துவிட்டது. வட அமெரிக்க வாகனத்தின் 17 எழுத்துச் சசி நம்பரில் (அடிச்சட்ட இலக்கத்தில்) பத்தாவதைப் பாருங்கள். எல் என்றால் 2020, எம் என்றால் 2021. செய்த மாதம் கதவுத் தூணில் இருக்கும். நம் நாட்டிலும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் செய்த வருஷம் ஒன்று, முதல் பதிவுத் திகதி இன்னொன்று. விற்பவர் இரண்டில் புதியதைத்தான் வாயால் சொல்வார். 5.0 எடுப்பவர்கள் ஒயிலையும் விசாரிக்க வேண்டும். 2018 முதல் 2020 வரையான சிலவற்றில் ஒயில் குறைகிறது என்று ஃபோர்ட் மென்பொருளையும் ஒயில் பார்க்கும் கம்பியையும் மாற்றச் சொல்லி அறிவித்தல் விட்டது. அதைச் செய்த பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பழுதைத் திருத்தக் கொம்பனி விடும் திருப்பி அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்பதை அதே சசி நம்பரைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம்.

பார்க்கப் போன நாளில் அண்ணா பதறிப்போய் வீடியோ கோலில் வந்தார். நான் ஊரில், நெளிந்த இடத்தை மறைக்கப் பட்டி (நிரப்பும் பசை) பூசியதைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைத்துப் பார்ப்பேன், அவருக்கு அது நினைவில் இருந்திருக்கிறது. "எங்கை வைச்சாலும் ஒட்டுதில்லை தம்பி, முழுக்கப் பட்டியோ?" அலுமினியத்தில் காந்தம் எப்படி ஒட்டும்? காந்தத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கீழே படுங்கள் என்றேன். பொடி துருப்பிடிக்காததால் பளபளவென்று ஏமாற்றும், அடிச்சட்டமான சசி இரும்புதான். அங்கே மாரியில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள். காரைநகர்ப் பக்கம் கடற்காற்றில் நின்ற வாகனங்களின் சசி எப்படி உதிரும் என்று நான் கண்டிருக்கிறேன், அதனால் விடவில்லை. பின் அச்சுக்கு மேலே சசி வளையும் இடம், பிறேக் குழாய்கள், உதிரிச் சில்லு தொங்கும் இடம் மூன்றையும் ரோர்ச் அடித்துக் காட்டச் சொன்னேன். மேலாகக் கபிலப் பூப்பு இருந்தது, திருப்புளியால் குத்தியபோது செதில் விழவில்லை.

2020ஐ எடுத்தார். மிஞ்சிய காசில் ஜெனரேற்றர் ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் எடையையும் 806இலிருந்து கழிக்கச் சொல்லியிருக்கிறேன்.