மலை தெரியும் வீடு வேண்டாம்: ஆஃப்ரோடு பிரியர்கள் குடிபோக ஊர் பார்ப்பது எப்படி

ஆஃப்ரோடு, அதாவது சாலை இல்லாத மண்ணிலும் பாறையிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் ஊர் மாற நினைத்தால் முதலில் மலையைத்தான் பார்க்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்று ஆசை. நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். “வந்து ஓட்டிக்கோங்க தம்பி” என்று மனசார அனுமதி தரும் நிலத்துக்காரர் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறாரா? முதல் கேள்வி இதுதான். இதற்குப் பதில் கிடைக்காத ஊரில் எவ்வளவு நல்ல வண்டி வைத்திருந்தாலும் அது வாசலில்தான் நிற்கும்.

எனக்குச் சொந்த ஊர் தண்டையார்பேட்டை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வண்டி பழைய மாருதி ஜிப்ஸி, ஜீப் மாதிரி. கூட ஓட்டுகிறவர்களில் யாருக்கு மாற்றல் வந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். இப்போது நானும் பொன்னேரியில் வீடு பார்த்து முடித்திருக்கிறேன். அந்தத் தேடலில் எதைப் பார்த்தேன், எதை ஒதுக்கினேன் என்பதைச் சொல்கிறேன்.

மலை ஏன் ஏமாற்றும் என்றால், நம் மாநிலத்தில் கண்ணுக்குத் தெரியும் மலைகளில் பெரும்பாலானவை காப்புக்காடு. அனுமதி இல்லாமல் வண்டியோடு உள்ளே போனால் வழக்கு. சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு வனத்துறையின் கெடுபிடி இன்னும் கூடியது. அது நியாயம்தான். யானை நடக்கும் வழியில் நம் டயர் தடத்துக்கு வேலை இல்லை. கொழுக்குமலையைப் பாருங்கள். தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. அந்தக் கரடுமுரடான பாதையில் உள்ளூர் ஜீப்காரர்கள்தான் ஆட்களை ஏற்றிப் போகிறார்கள். அதை நம்பித் தேனிக்குக் குடிபோனால் அடுத்தவர் ஜீப்பில் பின்சீட்டுதான் கிடைக்கும்.

ஆனால் தேனிக்கு வேறொரு பலம் உண்டு. போடி, கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்கள் ஜீப்பில் போய்வருகிற ஊர் அது. பழைய ஜீப்பின் கியர்பாக்ஸைப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதை நான் மலையைவிடப் பெரிதாக மதிக்கிறேன். கோவையும் அப்படித்தான். மேற்கே தெரியும் மலையில் நமக்கு இடமில்லை. ஆனால் லேத்தும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊர், ஒரு பிராக்கெட் உடைந்தால் சாயங்காலத்துக்குள் செய்து வாங்கிவிடலாம். செட்டிப்பாளையத்தில் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்ற ரேஸ் டிராக் இருப்பதால் வண்டி விளையாட்டு என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் பேசிப் பழகினால் தோப்புக்காரர்கள் இடம் தருவார்கள். பெங்களூரில் வேலை கிடைத்தவர்களுக்கு நான் ஓசூரைச் சொல்வேன். பாறையும் மேடுமான நிலம், பக்கத்திலேயே பெங்களூர் பட்டறைகள், வண்டியின் தமிழ்நாட்டுப் பதிவும் அப்படியே இருக்கும். அஞ்செட்டிப் பக்கத்துக் காடு மட்டும் காவிரி வடக்கு சரணாலயம், அதை மறந்துவிடுங்கள்.

சரி, நம்ம வடசென்னைக்கு வருகிறேன். தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடியில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போய்வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம். ஆனால் மணலி, எண்ணூர் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து மண்ணைத் தொடுவதற்குள் வெயில் ஏறிவிடும். செங்குன்றம், காரனோடை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வரிசையில் எங்கே குடியிருந்தாலும் அந்தப் பாடு இல்லை. அதில் நான் பொன்னேரியை எடுத்ததற்குப் பாதிக் காரணம் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில். வேலைக்கு ரயிலில் போய்விடுவேன். கிளட்சும் முழங்காலும் வாரம் முழுக்கத் தேயாமல் மண்ணுக்கென்று மிச்சமிருக்கும்.

மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஊரை முடிவு செய்யாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரோடு போங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுங்கள். விரல் நீளத்துக்குத் திரியாக நீண்டு ஒடியாமல் நின்றால் களி. மழைக்குப் பிறகு அது டயரின் பள்ளங்களை அடைத்து வழவழவென்று ஆக்கிவிடும். சேற்றுக்கென்றே செய்த எம்டி (மட் டெரெய்ன்) டயர் போட்டிருந்தாலும் சறுக்கும். திரி வராமல் உதிர்ந்தால் மணல். அங்கே டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை இறக்கி, வேகம் விடாமல் ஓட்ட வேண்டும். திருப்பும்போது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். செங்குன்றம் பக்கத்துச் சிவப்புச் சரளை இரண்டுக்கும் நடுவில். மழை விட்டதும் சீக்கிரம் தண்ணீரை இறக்கிவிடும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது.

காய்ந்த ஏரியை மட்டும் நம்பாதீர்கள். கோடையில் மேலே பாளம் பாளமாக வெடித்து, நடந்தால் கல் மாதிரி இருக்கும். கடப்பாரையை ஒரு குத்து குத்துங்கள். ஒரு சாண் இறங்கியதும் கை லேசாகிச் சரசரவென்று உள்ளே போனால் அடியில் சேறு அப்படியே இருக்கிறது. மேல் ஓடு ஆளைத் தாங்கும், ஒரு டன் வண்டியைத் தாங்காது. அப்புறம் அது ஊர்ப்பொதுச் சொத்து. கரையில் ஏறி இறங்கினால் கரை பலவீனமாகும், மழைக்காலத்தில் ஊருக்குள் தண்ணீர் வரும். புழல், சோழவரம், பூண்டி நாம் குடிக்கும் தண்ணீர், அந்தப் பக்கம் சக்கரமே போகக் கூடாது. பழவேற்காட்டுக் கடற்கரையையும் விட்டுவிடுங்கள். அங்கே மீனவர்கள் வலை காயப்போடுவார்கள். ஜனவரியிலிருந்து இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். டயர் ஏறினால் மணலுக்குள் இருக்கும் முட்டை போச்சு.

பிறகு எங்கேதான் ஓட்டுவது என்றால், தனியார் நிலத்தில். இந்தப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் போடுகிறார்கள். ஆகவே நிலம் எப்போது சும்மா கிடக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், கேட்டால்தான் தெரியும். மீஞ்சூரிலிருந்து கடல் பக்கம் சவுக்குத் தோப்புகள் நிறைய. மரம் வெட்டிய பிறகு அடுத்த நடவு வரை கொஞ்ச நாள் இடைவெளி இருக்கும். ஆனால் அடிக்கட்டை கிடக்கும், இறங்கி நடந்து பார்த்து வழி குறித்துக்கொண்டுதான் வண்டியை விட வேண்டும். வீட்டு புரோக்கரிடம் இதையெல்லாம் கேட்டுப் பயனில்லை. டீக்கடையில் உட்காருங்கள், டிராக்டர் ஓட்டுகிற அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள். யாருடைய நிலம், யார் நல்ல மனுஷர், எங்கே தண்ணீர் நிற்கும் என்று ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். அவருடைய நம்பரை வாங்கி வையுங்கள், நம் வண்டி மாட்டினால் இழுக்க வரப்போவதும் அவர்தான். ஓட்டி முடித்ததும் வரப்பில் உடைந்த இடத்தை மண்வெட்டி போட்டுச் சரிசெய்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை கேட்காமலே வழி விடுவார்கள்.

டிராக்டர் அண்ணன் இருக்கிறார் என்பதற்காகத் தனி வண்டியாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. அந்த ஊரில், அல்லது அரை மணி நேரத் தூரத்தில், ஃபோர் வீல் டிரைவ் வண்டி (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டி) வைத்திருக்கும் இன்னொருவர் இருக்கிறாரா என்று குடிபோகும் முன்பே விசாரியுங்கள். யாருமே இல்லை என்றால் நான் அந்த ஊரை எடுக்க மாட்டேன்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வண்டியிலேயே போங்கள். நம் ஆட்கள் வைத்திருக்கும் வண்டிகளில் மஹிந்திராவின் மூன்று கதவு தார் 1,820 மில்லிமீட்டர் அகலம், ஐந்து கதவு தார் ராக்ஸ் 1,870, மாருதியின் ஜிம்னி 1,645. இந்த வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். தெருமுனையில் ஒரு ஆட்டோவும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பமும் இருந்தால் தெரியும் சேதி. கேட்டுக்குள் ஒரே வெட்டில் திரும்புகிறதா, மேலே கேபிள் ஒயர் தொங்குகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நவம்பரில் போய்ப் பாருங்கள், வடகிழக்குப் பருவமழை ஊரின் பள்ளம் மேட்டைக் காட்டிவிடும். முடியாவிட்டால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். கடலுக்கு நெருக்கமாக வீடு எடுத்தால் சேஸிஸுக்கு அடியில் துரு வேகமாகப் பிடிக்கும், அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் பூசும் அண்டர்கோட்டிங் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வேறு மாநிலம் போகிறவர்கள் வண்டிக் காகிதத்தை முதலிலேயே யோசியுங்கள். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். இங்கிருந்து தடையில்லாச் சான்று, அங்கே திரும்ப வரி. பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மாற்றம் செய்த வண்டி ஆய்வுக்குப் போகும்போது கேள்வி வரும்.

கடைசியாக, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: ஞாயிறு சாயங்காலம் வண்டி சேறோடு வரும், வாசலில் கழுவ வேண்டும், தண்ணீர் நிறையச் செலவாகும். நான் பொன்னேரி வீட்டுக்கார ஐயாவிடம் இதைச் சொன்னபோது, தெருவில் சேறு ஓடக் கூடாது, பின்பக்கம் தென்னை மரத்தடியில் கழுவிக்கொள்ளுங்கள் என்றார். மோட்டாருக்குத் தனி மீட்டர் வைப்பதாகப் பேசி, ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டோம்.