பேச்சு வராதவருக்காகப் பேசும்போது

பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கும்போது, வலது கையும் காலும் விழுந்துவிடுவதோடு பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. அஃபேசியா எனப்படும் இந்த நிலையில் சொற்கள் சிக்கிக்கொள்ளும். சிலருக்குப் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் கடினமாகும். ஆனால் இது அறிவு மங்கிப்போவது அன்று. வீட்டில் ஒருவர் அவருக்காகப் பேசத் தொடங்கும்போது முதலில் மறக்கப்படுவது இதுதான்.

யார் பேச வேண்டும் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூத்த மகன் என்பதால் மட்டும் ஒருவருக்கு அந்தப் பொறுப்பு வந்துவிடக் கூடாது. மனைவியையோ மருமகளையோ அவர் கை காட்டினால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாளே, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே தாராளமாக நேரம் விடுங்கள். தலையாட்டலை மட்டும் நம்பிவிட முடியாது, ஏனெனில் அஃபேசியா உள்ளவர்களுக்கு ஆம், இல்லை என்பவையே மாறி வந்துவிடுவதுண்டு. "காப்பி வேண்டுமா?" என்றாலும் "பால் வேண்டுமா?" என்றாலும் தலையாட்டுகிறார் என்றால், இரண்டு டம்ளர்களையும் எதிரே வைத்துத் தொடச் சொல்லுங்கள். வலி எங்கே என்பதற்கு உடம்பின் படம் ஒன்றும், எந்த நாள் என்பதற்கு நாள்காட்டியும் போதும். பிறகு அதே கேள்வியை மாற்றிக் கேட்டுச் சரிபாருங்கள்.

மருத்துவர் உங்களைப் பார்த்து "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், "அவரையே கேளுங்கள், விட்ட இடத்தில் நான் சொல்கிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம். நீங்கள் ஒன்றைச் சொல்லி முடித்ததும் அவர் பக்கம் திரும்பி, "சரியாகச் சொன்னேனா?" என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்தித் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்வதாயிருந்தால், அது உங்களுடையது என்று பிரித்துச் சொல்லிவிடுவதே நேர்மை.

வங்கியில்தான் சிக்கல் அதிகம், ஏனெனில் வலது கை விழுந்தவருக்குக் கையெழுத்து பழையபடி வராது. நோயுற்ற கணக்குதாரரின் பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் பெறலாம் என்றும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் கூறுகிறது. எனவே அவருடைய ஏடிஎம் அட்டையை வாங்கி நீங்களே பணம் எடுத்துக்கொண்டிருப்பதைவிட, கிளை மேலாளரிடம் இந்த வசதியைக் கேட்டுப் பெறுவது இருவருக்கும் நல்லது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அஃபேசியாவால் நிரந்தரமாகிவிட்ட பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. போதிய உதவி அளித்தும் ஒருவரால் சட்டப்படியான முடிவெடுக்க முடியாதபோது, வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் நியமிக்கப்படலாம். அந்தப் பாதுகாவலரும் அவரைக் கலந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். சொத்துப் பத்திரத்தில் அவர் பெயரால் எதையும் செய்வதற்கு முன்பு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அந்தச் சந்திப்புக்கும் அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.