2 அங்குலம் தூக்கிய ஜிம்னியின் முன் ஆக்சிலை நேராக்குவது எப்படி

வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட மறுநாளே என் சுசுகி ஜிம்னி குடித்தவன் மாதிரி நடக்க ஆரம்பித்தது. நேர் சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், வளைவில் திருப்பினால் தானாகத் திரும்பி வராது. அலைன்மென்ட் கடையில் டோவை (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பினார்கள், ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் நானே வண்டிக்கு அடியில் படுத்துச் செய்ததுதான் இது. ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாம் வைக்கத் தெரியும்தானே, அதை விட்டுவிடுகிறேன்.

வரிசையை மாற்றாதீர்கள். பேன்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், ஸ்டியரிங்கைத் தானாகத் திரும்ப வைப்பது இதுதான்), டோ, கடைசியில் ஸ்டியரிங்.

பேன்ஹார்டின் ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்சிலில். சேஸி உயர்ந்தால் கம்பி இன்னும் சாயும், நீளம் மாறாததால் ஆக்சிலைச் சேஸி முனை இருக்கும் பக்கமாக இழுத்துவிடும். நீளம் மாற்றக்கூடிய ராட் வாங்கி, அதை நீட்டித்தான் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு நீட்டுவது? லேசர் கருவியெல்லாம் தண்டச்செலவு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். சேஸியில் இரு பக்கமும் ஒரே மாதிரியான இடத்திலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை அளங்கள். மட்கார்டிலிருந்து அளக்க வேண்டாம், பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் நான்கும் தரையில் இருக்க வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இடம் வலம் வித்தியாசம் 14 மி.மீ. வந்தது, நானும் ராடை 14 மி.மீ. நீட்டினேன். திரும்ப அளந்தால் அதே 14, ஆனால் எதிர்ப்பக்கம்! ஆக்சில் 7 மி.மீ. நகர்ந்தாலே ஒரு பக்கம் 7 கூடி மறுபக்கம் 7 குறைந்துவிடும், ஆகவே வித்தியாசத்தில் பாதிதான் நீட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு போனது. ஒவ்வொரு முறை நீட்டிய பிறகும் வண்டியை முன்னும் பின்னும் பத்தடி உருட்டிவிட்டு அளங்கள்.

ஸ்டியரிங் திரும்பி வராததற்குக் காரணம் கேஸ்டர் குறைந்தது. ஆக்சிலைப் பிடித்திருக்கும் கை 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 செ.மீ. உயர்வுக்குக் கிட்டத்தட்ட 4 டிகிரி போய்விடும். இதைச் சரிசெய்ய அந்தக் கையின் முனையைச் சேஸிக்குக் கீழே இறக்கிவைக்கும் பிராக்கெட் எனக்குப் பிடிக்காது, பாறையில் முதலில் இடிப்பது அதுதான். அதற்குப் பதிலாகக் கையில், துளை நடுவில் இல்லாமல் தள்ளியிருக்கும் புஷ் (போல்ட் நுழையும் ரப்பர் உருளை) போட்டேன். பிரஸ்ஸில் வைத்து ஏற்றுங்கள், சுத்தியல் வேண்டாம். போல்ட்டின் கடைசி முறுக்கு வண்டி தரையில் நிற்கும்போதுதான், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

டோவுக்கு, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் நீளத்தை மாற்ற வேண்டும். இரண்டு டயர்களுக்கு நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 2 மி.மீ. குறைவாக வைத்தேன், நன்றாக ஓடுகிறது. பிறகு சக்கரத்தை நேராக வைத்து டிராக் லிங்கின் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) நீளத்தை மாற்றினால் ஸ்டியரிங் நடுவுக்கு வரும். ஸ்டியரிங்கையே கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்கு ஃபோர் வீல் டிரைவ் போட்டால் மட்டும் அதிர்வு வந்திருக்கிறது. கேஸ்டரை அளவுக்கு மீறித் திருப்பியதால் டிஃபரன்ஷியலின் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே குனிந்து, முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ஷாஃப்டின் மூட்டு அதிகம் மடங்கியிருந்தது. கொஞ்சம் குறைத்ததும் நின்றுவிட்டதாம்.