பழைய லெட்டர்பிரஸ் போஸ்டர் பாணியில் திருமண அழைப்பிதழ்: எங்கே சறுக்குகிறது?

பழைய லெட்டர்பிரஸ் (மேடான எழுத்துகளில் மை தடவித் தாளில் அழுத்தும் அச்சு) போஸ்டர் மாதிரி அழைப்பிதழ் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் வந்து நிற்பது பழுப்புப் பின்னணியில் பத்து ஃபான்ட்டும் நாலு கீறலும்தான். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். இத்தனைக்கும் புதிதாக அச்சாகி வந்த போஸ்டர் பழுப்பாகவே இருந்திருக்காது. அந்த நிறம் காகிதத்துக்கு வயதாகி வந்தது.

பல ஃபான்ட்களைக் கலப்பதில்தான் பெரிய குழப்பம். பெரிய அளவில் ஈய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, விலையும் அதிகம். அதனால் போஸ்டர்களுக்கு மர எழுத்து வந்தது. 1828-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளுக்கென்றே ஒரு மாதிரிப் பட்டியல் வெளியிட்டார். ஆனாலும் ஒரு செட்டில் ஒவ்வொரு எழுத்தும் சிலதுதான் இருக்கும். தீர்ந்துபோனால் அடுத்த வரிக்கு வேறு செட். போதாததற்கு, எழுத்துகளை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்ட வேண்டும் என்பதால் எல்லா வரியும் ஒரே அகலத்துக்கு நிரம்பியாக வேண்டும். நீளமான பெயருக்கு ஒடுக்கமான எழுத்து, குட்டி வார்த்தைக்கு அகலமான எழுத்து என்று தேடி எடுத்துக் கோத்தார்கள். நாமோ ஒரே ஃபான்ட்டை மவுஸால் இழுத்து அகலப்படுத்துகிறோம். நெட்டுக்கோடுகள் மட்டும் தடித்து, படுக்கைக் கோடுகள் பழையபடியே நிற்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். மூன்று ஃபான்ட், அதில் ஒன்றாவது ஒடுக்கம், ஒன்றாவது அகலம். போதும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலப் போஸ்டரின் பெரிய எழுத்துகள் செங்கல் அடுக்கியது போல நெருக்கி நிற்கும். நம் எழுத்தில் ‘கீ’ மேலே சுழிக்கும், ‘ழு’ கீழே இறங்கும். வரிகளை அதே நெருக்கத்தில் அடுக்கினால் முட்டிக்கொள்ளும். மணமக்களின் பெயர்களை முதலிலேயே போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் இடைவெளியை முடிவு செய்யுங்கள்.

எல்லா வரியையும் பெரிதாக்குவதும் வேண்டாம். போஸ்டர் பத்தடி தூரத்திலிருந்து படிக்க வைத்தது, அழைப்பிதழ் கையில் இருப்பது. பெயர்கள் ஓங்கட்டும், நாள், நேரம், இடம் மூன்றும் பூவேலைக்குள் மறையாமல் இருந்தால் சரி.

நிறத்துக்கு வருவோம். ஒவ்வொரு நிறத்துக்கும் தாளைத் தனியாக ஒருமுறை இயந்திரத்தில் ஓட்ட வேண்டும் என்பதால் ஒன்றிரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மை ஓரளவு ஊடுருவிக் காட்டும்; மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை. அதே காரணத்தால் கறுப்பு அட்டையில் வெளிர் மை எடுபடாது. நிஜ லெட்டர்பிரஸில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே அச்சகத்தில் பேசிவிடுவது நல்லது. அடர் அட்டைதான் வேண்டும் என்றால் ஃபாயில் (பளபளக்கும் மெல்லிய தாளைச் சூட்டில் ஒட்டுவது) அல்லது ஸ்கிரீன் பிரிண்டிங்.

அடுத்தது போலிக் கீறல். கீறல் விழுந்த ஃபான்ட்டில் ஒரே ‘ம’ மூன்று இடத்தில் வந்தால் மூன்றிலும் அதே இடத்தில் அதே கீறல் இருக்கும். கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும்! நிஜ அச்சுக்குப் போகும் ஃபைலில் கீறலே வேண்டாம், மையும் தாளும் தாமே கொஞ்சம் அந்தத் தோற்றத்தைத் தரும்.

தாளில் பள்ளம் விழ அழுத்துவது இன்றைய மோகம். அந்தக் கால அச்சுக்காரர்கள் அதைக் குறையாகவே பார்த்தார்கள்; மை மட்டும் தொட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். பள்ளம் பிடித்தால் தடித்த பருத்தித் தாள் எடுங்கள். பின்பக்கமும் அச்சிட்டால் முன்பக்கத் தடம் அங்கே தெரியும். 0.25 பாயின்ட்டுக்குக் கீழான கோடுகள் பாலிமர் பிளேட்டில் (உங்கள் ஃபைலிலிருந்து செய்யும் பிளாஸ்டிக் அச்சுத்தகடு) நிற்பது சந்தேகம்.

ஃபைலை அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றுங்கள். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். ஓரம் வரை நிறம் போனால் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நிறத்தைக் கூடுதலாக விடுங்கள். அப்புறம் நிஜ அளவில் ஒரு தாளில் எடுத்து, கண்ணாடி போடும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, நேரத்தையும் இடத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.