ஆயிலில் உலோகத் துகள்: தேய்வது எந்தப் பாகம்?

இன்ஜின் ஆயிலை வடிக்கும்போது தட்டில் மினுமினுப்புத் தெரிந்தால் அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள். புது ஆயில் ஊற்றி ‘ஓடட்டும், பார்ப்போம்’ என்பதும் வேண்டாம், இன்ஜினை உள்ளே கழுவும் ஃபிளஷ் திரவமும் வேண்டாம். இரண்டும் துகளை இன்ஜின் முழுக்கப் பரப்பி, தடயத்தையும் அழித்துவிடும்.

துப்பு பெரும்பாலும் பழைய ஃபில்டருக்குள்தான் இருக்கும். ஃபில்டர் கட்டர் கொண்டு டப்பாவின் விளிம்பைச் சுற்றி வெட்டுங்கள். ஹாக்ஸாவால் அறுத்தால் அந்த இரும்புப் பொடியே மடிப்புக்குள் விழுந்து, இல்லாத கோளாறைக் காட்டும். உள்ளிருக்கும் காகிதத்தைக் கத்தியால் வெட்டியெடுத்து, வைஸில் வைத்துப் பிழிந்து, நல்ல வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாக விரியுங்கள். துகளை மண்ணெண்ணெயில் அலசி வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து காந்தம். அதைப் பாலிதீன் பையில் போட்டுத் துகள்மேல் நகர்த்துங்கள். பிறகு பையை உள்வெளியாக உருவினால் ஒட்டியவை மட்டும் பைக்குள் தங்கும். இவை இரும்பு அல்லது எஃகு: பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர், வால்வுகளைத் திறக்கும் கேம், டேப்பெட், கேமைச் சுழற்றும் டைமிங் செயின், ஆயில் பம்ப் பல்சக்கரம் என்று சந்தேகப் பட்டியல் நீளம். காந்த டிரெயின் போல்ட்டில் சாம்பல் நிறக் களிம்பு மட்டும் என்றால் அது வழக்கமான தேய்மானம். விரலில் உருட்டினால் குத்தும் ஊசிகளும் சில்லுகளும்தான் ஆபத்து.

காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறத் துகள் குழப்பும். காஸ்டிக் சோடா கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் அவசியம், ஏனெனில் வெளிவருவது ஹைட்ரஜன். நுரைத்துக் கொதித்தால் அலுமினியம்: பிஸ்டன், ஹெட்டில் கேம் உட்காரும் இடம், அலுமினியக் கலவை பேரிங் (கிராங்க் தண்டைத் தாங்கும் மெல்லிய உலோக ஓடு), அல்லது தளர்ந்த செயின் உரசிய டைமிங் கவர். பிளாஸ்டிக் துண்டுகளும் கூடவே வந்தால் செயின் கைடு உடைந்திருக்கலாம். நுரைக்காமல், நகத்தால் அழுத்தினால் நசுங்கும் மெல்லிய செதில்கள் பேரிங்கின் மேல்பூச்சு.

செம்பு நிறம் கண்டால் சாவியைத் தொடாதீர்கள். பேரிங்கின் மேல்பூச்சு தீர்ந்து அடியடுக்கு தெரிகிறது, அல்லது ஸ்மால் எண்ட் புஷ் (பிஸ்டன் பின் சுழலும் வளையம்), டர்போ புஷ் தேய்கிறது. செம்பே இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பல புதிய இன்ஜின்களில் பேரிங் அலுமினியக் கலவை, அதில் செம்பு அடுக்கே கிடையாது.

ஒற்றைச் சுருளாக, நீளமாக அலுமினியம் வந்தால் பதற்றம் வேண்டாம். அளவுக்கு மேல் முறுக்கிய டிரெயின் போல்ட், சம்பின் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) மரையைச் சீவியிருக்கும்.

நுண்பொடி மட்டும் என்றால், பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் ஆயில் அழுத்தம் பாருங்கள். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பொதுக் கணக்குதான்; தயாரிப்பாளர் கொடுத்த அளவே முடிவு. ஸ்பார்க் பிளக் துளை வழியாக போரஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு, சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள் உண்டா என்றும் பாருங்கள். ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சுத்தம் என்று அறிக்கை வரலாம். வழக்கமான நிறமாலைச் சோதனை மிக நுண்ணிய துகளையே எண்ணும், கண்ணுக்குத் தெரியும் சில்லு அதில் சிக்காது.

சில்லோ செம்போ என்றால் சம்பைக் கழற்றுங்கள். முதலில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் ஸ்ட்ரெய்னர் வலை, பிறகு பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடம்) பாருங்கள். பேரிங்கை மூடியிருக்கும் கேப்களைக் கழற்றும்முன் ஒவ்வொன்றின் எண்ணையும் திசையையும் குறித்துவிடுங்கள், மாறினால் துளையின் வட்டம் கெடும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் பேரிங் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து இறுக்கியபின் கிராங்க்கைச் சுழற்றாதீர்கள், அளவு பொய்யாகும்.

பேரிங் மாற்றினால் ஆயில் கூலரையும் மாற்றுங்கள். அதன் நுண்குழாய்களில் தங்கிய துகளை எவ்வளவு கழுவினாலும் முழுக்க எடுக்க முடியாது. புதுப் பேரிங்கை முதலில் தின்பது அதுதான்.