மேசைக் கணினியின் சவுண்ட் கார்டில் ஹெட்போனை இணைக்கும் முறை

மேசைக் கணினியில் ஒலி இரண்டு இடங்களிலிருந்து வரலாம். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பதிக்கப்பட்ட ஒலிச் சில்லு ஒன்று. கூடுதல் கார்டுகளுக்கென மதர்போர்டில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் தனியாகச் செருகப்படும் சவுண்ட் கார்டு மற்றொன்று. உங்கள் கணினியில் எது இருக்கிறது என்பதை அறிய, கேபினெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். யூஎஸ்பி, நெட்வொர்க் துளைகளோடு சேர்ந்து மேற்பகுதியில் இருக்கும் ஜாக்குகள், அதாவது ஒலிப் பிளக்கைச் செருகும் துளைகள், மதர்போர்டைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கீழே, கிராஃபிக்ஸ் கார்டு அமரும் வரிசையில் தனித் தகட்டில் இருப்பவை சவுண்ட் கார்டைச் சேர்ந்தவை. தனிக் கார்டு போட்ட பிறகும் பழக்கத்தால் மேலே உள்ள ஜாக்கிலேயே ஹெட்போனைச் செருகிவிட்டுக் கார்டு பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகவே இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இன்டெல், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் கணினி வடிவமைப்புக்காக வகுத்த பிசி 99 வழிகாட்டியின்படி, பச்சை ஜாக் ஒலி வெளியீட்டுக்கும், இளஞ்சிவப்பு மைக்குக்கும், வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவருவதற்கும் உரியவை. ஹெட்போன் படம் பொறித்த ஜாக் கார்டில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையெனில் பச்சையில் செருகுங்கள். 3.5 மில்லிமீட்டர் பிளக் முழுவதும் உள்ளே சென்று அழுந்த வேண்டும். பாடலில் இசைக்கருவிகள் கேட்டு, பாடுபவரின் குரல் மட்டும் மறைந்துபோனால், பெரும்பாலும் பிளக் பாதியில் நிற்கிறது என்று பொருள். கைபேசிக்கு உரிய, மூன்று கறுப்பு வளையங்கள் கொண்ட பிளக் என்றால், ஒலியையும் மைக்கையும் பிரித்து இரண்டு பிளக்குகளாகத் தரும் ஸ்ப்ளிட்டர் ஒன்றை வாங்கி, பச்சையிலும் இளஞ்சிவப்பிலும் தனித்தனியே செருக வேண்டும்.

கேபினெட்டின் முன்பக்க ஜாக்கைப் பயன்படுத்த விரும்புவோர் இன்னும் ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கும். முன்பக்க ஜாக்கிலிருந்து புறப்படும் மெல்லிய கேபிள், உள்ளே மதர்போர்டில் எச்டி ஆடியோ என்று குறிக்கப்பட்ட பின்களில் செருகப்பட்டிருக்கும். தனிச் சவுண்ட் கார்டை நிறுவினாலும் அந்தக் கேபிள் தானாக இடம் மாறுவதில்லை. எனவே முன்பக்கத்தில் செருகிய ஹெட்போன் பழைய மதர்போர்டு ஒலியோடுதான் இணைந்திருக்கும். கார்டிலும் அதே வகைப் பின்கள் இருந்தால் கேபிளை அங்கே மாற்றுங்கள். எல்லாக் கார்டுகளிலும் அவை இருப்பதில்லை என்பதால், வாங்கும் முன்பே இதைக் கவனிப்பது நல்லது.

மாற்றும்போது கணினியை அணைத்து, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் சுவிட்சையும் அணைத்து, மின்கம்பியைக் கழற்றிய பிறகே பக்கத் தகட்டைத் திறக்க வேண்டும். உடலில் உள்ள நிலைமின்னூட்டம் நீங்க, கேபினெட்டின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். வயர்களைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து நேராக எடுங்கள். ஒலிக்குரிய இடத்தில் இரண்டு வரிசைகளில் 9 பின்கள் இருக்கும்; ஒரு வரிசையில், கடைசிக்கு முந்தைய இடம் காலியாக இருக்கும். யூஎஸ்பி 2.0-க்கும் 9 பின்கள்தான், ஆனால் அதில் காலியிடம் வரிசையின் ஓரத்தில் இருக்கும். யூஎஸ்பி பின்களில் 5 வோல்ட் மின்சாரம் இருப்பதால், பிளக் எளிதாக இறங்காவிட்டால் ஒருபோதும் அழுத்தித் திணிக்காதீர்கள். பழைய கேபினெட்டுகளில் ஒரே கேபிளில் எச்டி ஆடியோ, அதற்கு முந்தைய முறையான ஏசி 97 என இரண்டு பிளக்குகள் தொங்கும். எச்டி ஆடியோவையே செருகுங்கள். ஹெட்போன் செருகப்பட்டதைக் கணினிக்கு உணர்த்தும் இணைப்பு ஏசி 97-இல் கிடையாது.

கணினியை இயக்கியதும், கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவி, டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் படத்தின் வழியே வெளியீட்டுக் கருவியாக அந்தக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ வழியே மானிட்டரை இணைத்திருந்தால், அதன் பெயரும் அப்பட்டியலில் இருக்கும்; ஒலி அங்கே போய்க்கொண்டிருக்கலாம். அப்போதும் கேட்காவிட்டால், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, கீழே உள்ள மோர் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, பாடல் ஒன்றை ஓடவிட்டுப் பச்சைப் பட்டைகளைப் பாருங்கள். எந்தக் கருவிக்கு நேராகப் பட்டை அசைகிறதோ அங்கேதான் ஒலி செல்கிறது. உங்கள் கார்டுக்கு நேராகவே அசைந்தும் ஒலி கேட்கவில்லை என்றால், குறையை ஜாக்கிலோ கேபிளிலோ ஹெட்போனிலோ தேடுங்கள். வேறொரு கருவிக்கு நேராக அசைந்தால் தேர்வை மாற்றினால் போதும். டிரைவர்களை அடுக்கடுக்காக நீக்கி நிறுவுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும். லினக்ஸ் பயனர்கள் டெர்மினலில் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஆல்சாமிக்ஸர் நிரலைத் திறந்து, எஃப்6 விசையால் கார்டைத் தேர்ந்து, ஹெட்போன் வரிசையில் எம்எம் என்று இருந்தால் எம் விசையை அழுத்தி ஒலித்தடையை நீக்கலாம்.

32 ஓம் மின்தடை கொண்ட சாதாரண ஹெட்போன்களுக்கு மதர்போர்டின் ஒலியே போதும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்களுக்குத்தான் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் உள்ள தனிக் கார்டு உண்மையில் பயன்படும். அத்தகைய கார்டில் ஒலியளவைக் கூட்டி வைத்துவிட்டுப் பிறகு சாதாரண ஹெட்போனுக்கு மாறினால் காது பாதிக்கப்படும். எனவே ஒவ்வொரு முறையும் ஒலியளவைக் குறைத்த பிறகே அணியுங்கள். முன்பக்க ஜாக்கில் மட்டும் இரைச்சல் கேட்டால், அதன் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்தும் விசிறிகளிலிருந்தும் விலக்கி ஓட்டிப் பாருங்கள். அதற்கும் குறையாவிட்டால், ஒரு நீட்டிப்புக் கேபிளை வாங்கிப் பின்பக்க ஜாக்கிலேயே செருகிக்கொள்ளுங்கள்.